எங்கள் வீட்டுத் தைப்பேரி

பேரிக்காய் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் பச்சைப் பசேலென்று அடுக்கி, நாலாக வெட்டி மிளகாய்த்தூள் தூவி விற்கிறார்களே, அதுவும் பேரிக்காய்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தின்றுவிட்டு எங்கள் தைப்பேரியைப் பற்றிப் பேச வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? பூசணியும் தர்பூசணியும் ஒன்று என்று யாராவது சொல்வார்களா?

நான் பிறந்தது கொடைக்கானலுக்கும் மேலே ஒரு மலைக்கிராமம். சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை போடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. அந்த முப்பது வருடமும் இந்தச் சமவெளிக்காரர்களிடம் ஒரு பழத்தை விளக்கிச் சொல்லியே என் தொண்டை வற்றிப்போனது.

எங்கள் பிறந்தவீட்டுக்குப் பின்னால், சரிவில் ஒரே ஒரு மரம். மற்ற பேரி மரங்களெல்லாம் ஆடி, ஆவணியில் காய்த்து ஓய்ந்துவிடும். இது அப்போதுதான் சாவகாசமாகக் காயைப் பெருக்க ஆரம்பிக்கும். ஐப்பசிக் கடைசியில் அடைமழைக்கு நடுவே பறிக்க வேண்டும். பறித்த அன்றைக்குக் கடித்தால் பல் போய்விடும். குரங்குகூட ஒரு கடி கடித்துவிட்டு, ஏதோ நாம் ஏமாற்றிவிட்ட மாதிரி நம்மை முறைத்துவிட்டுத் தூக்கி எறியும். பார்க்கவும் லட்சணமாக இருக்காது. துருப்பிடித்த தகரத்தின் நிறம், சொரசொரத்த தோல், கட்டையான காம்பு, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

பறித்ததை மச்சில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்குவோம். கார்த்திகையும் மார்கழியும் அந்தக் குளிரில் அது கிடக்க வேண்டும். குளிர் படாமல் கீழே கொண்டுவந்தால் பழுக்காது. வெளியே அப்படியே இருக்கும், உள்ளே நடுவிலிருந்து அழுகிப்போகும். இரண்டு மாதம் மச்சில் கிடந்த காயை இறக்கி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் நாலாம் நாள் தோல் மஞ்சளாகும். காம்பு ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். லேசாக அமுங்கினால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும், மறுநாள் என்று வைத்தால் போயிற்று. உள்ளே வெள்ளை வெளேரென்று, பல்லே வேண்டாம், நாக்கு போதும். சாறு முழங்கை வரைக்கும் வழியும். அது பழுக்கிற நேரம் சரியாகப் பொங்கல் சமயம், அதனால்தான் தைப்பேரி என்று பெயர். மலையிலேயே எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் நான் அதைப் பார்த்ததில்லை.

இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் நேரான பதில் கிடையாது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். ஒரு வெள்ளைக்கார அம்மா ஊரைவிட்டுப் போகும்போது தன் சமையல்காரருக்குத் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனதாம், அந்தச் சமையல்காரர் எங்கள் வழியாம். இது ஒரு கதை. சர்ச்சுத் தோட்டத்தில் இருந்த மரத்திலிருந்து யாரோ இரண்டு குச்சியைத் திருட்டுத்தனமாக ஒடித்துக்கொண்டு வந்து ஒட்டுப் போட்டது என்று இன்னொரு கதை. இரண்டையும் எங்கள் அப்பாவே சொல்வார், அவர் அன்றைக்கு இருக்கிற மனநிலையைப் பொறுத்தது. “இதுல எதுப்பா நெசம்?” என்று மடக்கிக் கேட்டால், “நட்டவன் செத்து எம்புட்டோ காலமாச்சு. நீ கூடையப் பிடி” என்பார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டக்கலை படித்த ஒருவரிடம் ஒரு முறை பழத்தின் போட்டோவைக் காட்டினேன். அவர் நாலைந்து இங்கிலீஷ் பெயர்களைச் சொல்லிவிட்டு, கடைசியில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை என்றார். நான் வேறு என்ன சொல்வது, சரிங்க சார் என்று வந்துவிட்டேன்.

கல்யாணமான வருடம் கார்த்திகைச் சீர் கொண்டுவந்த அப்பா, ஆசைப்பட்டு ஒரு பை நிறையத் தைப்பேரியும் கொண்டுவந்தார். பழுக்க இன்னும் நாளாகும், அடுத்த முறை நானே பழமாகக் கொண்டுவாரேன், இது சும்மா பார்வைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என் மாமியார் மறுநாளே நாலு காயை எடுத்துப் புளி ஊற்றிக் குழம்பில் போட்டுவிட்டார். வெந்தால்தானே! மாமனார் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கிடந்ததை விரலால் தட்டிப் பார்த்து, “என்ன வெஞ்சனம் இது, விறகையா வெட்டிப் போட்டிருக்கீக?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குள் போய் ஆத்திரத்தில் அழுதேன். அந்த வருடத்துப் பொங்கலுக்கு அப்பா பழமாகக் கொண்டுவந்து கொடுத்தபோது அதே மாமனார் மூன்று பழத்தைத் தின்றுவிட்டு வாயே திறக்கவில்லை. அது ஒரு ஆறுதல்.

அதன்பிறகு வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் அப்பாவும், அப்பாவுக்குப் பிறகு தம்பியும் கொண்டுவந்துவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படிப் பழத்தோடு வந்த தம்பி, பையை இறக்கி வைத்த கையோடு சொன்னான், “அக்கா, எடத்தக் குடுத்துட்டேன். அடுத்த வருசம் அங்க காட்டேஜ் கட்டப் போறாங்களாம்.”

“மரம்?”

“மரத்த மட்டும் நான் தனியாவா வச்சுக்க முடியும்?”

எனக்கு அந்த இடத்தில் பங்கு கிடையாது, நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவனைக் குற்றம் சொல்லவும் வாய் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான், இடுப்பு வலியோடு சரிவில் ஏறி இறங்க அவனால் முடியவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவனைத் திட்டாத திட்டில்லை. கடைசியில், வீடு போகட்டும், இடம் போகட்டும், இந்தப் பேரி மட்டும் அழியக் கூடாது, இரண்டு ஒட்டாவது போட்டுக் கொடு என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

மாசியில் மரம் இலையில்லாமல் நின்றபோது, ஒட்டுப் போடத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, நாட்டுப் பேரி நாற்றில் இரண்டு ஒட்டுப் போட்டான். அடியில் இருப்பது நாட்டுப் பேரி, வேருக்காக. மேலே செருகிய குச்சிதான் தைப்பேரி. நாற்று கொஞ்சம் முற்றினது என்பதால் முழங்கால் உயரத்தில் ஒட்டுப் போட்டு, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றியிருந்தார்கள். ஒன்று பிடிக்கவில்லை. ஒன்று பிடித்தது. மலையில் அதை வைக்க இடம் கேட்டு நான் போன் போடாத சொந்தக்காரர்கள் கிடையாது. ஒருவர் இனிமேல் அவக்கடோதான் போடுவேன் என்றார். ஒருவர் பேரிக்குக் கூலியே கட்டாது என்றார். சித்தப்பா மகன் மட்டும், அடுத்த வருடம் மழைக்கு வேலி போடப்போகிறேன், அப்போது கொண்டுவா, ஓரத்தில் வைக்கிறேன் என்றான். அதுவரைக்கும் எங்கே வைப்பது? தம்பி வாடகை வீட்டுக்குப் போயாயிற்று. வேறு வழியில்லாமல் வைகாசியில் செடியை நாற்றுப் பையோடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கீழே கொண்டுவந்தேன். வத்தலக்குண்டில் இறங்கி மாறும்போது கண்டக்டர், “என்னம்மா, ரோஜாவா?” என்று கேட்டார். அவரிடமும் விளக்கினேன்.

எங்கள் பூத்தோட்டம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். அங்கே மோட்டார் அறையின் நிழலில், பெரிய சிமெண்டுத் தொட்டியில் அதை வைத்தோம். என் வீட்டுக்காரருக்குச் செடி என்றால் உயிர். இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் கைபட்ட மல்லிகை மாதிரி பூக்காது என்று பூக்கடைக்காரர்களே சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும், அதுதான் தொல்லை. எதைச் சொன்னாலும் “செடியப் பத்தி எனக்குச் சொல்லாத” என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார். ஆனால் வெயிலுக்கு ஓலை கட்டினார், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். செடி தாக்குப்பிடித்தது.

கார்த்திகையில் இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. பதறிப்போய் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

“போயிருச்சு. வேர்ல என்னமோ பிடிச்சிருச்சு.”

“ஒண்ணும் போகல. குளிருக்கு எலையக் கொட்டிட்டுத் தூங்கும். அங்க எல்லா வருசமும் இப்படித்தான்.”

“தூங்குமா? செடி தூங்குமா?” என்று சிரித்தார். அறுபது வயது வரைக்கும் மல்லிகையையும் தென்னையையும் பார்த்தவருக்கு, மொட்டைக் குச்சியாக நின்று மறுபடி துளிர்க்கிற மரம் ஒன்று உண்டு என்று எப்படிப் புரியவைப்பது? தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீரைக் குறையுங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போது பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு மார்கழியில், நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. எடை குறைவு என்று குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் அந்த வராந்தாவில் பாயை விரித்துப் படுத்துக்கிடந்தது இருபது நாளுக்கு மேல் இருக்கும். இவர் தோட்டத்தை விட்டுவிட்டு அங்கே இருக்க முடியாது, காலையில் இருக்கிற பூவைச் சந்தையில் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் போனில், “ஒன் பேரிய என்ன செய்யட்டும்? அப்படியே நிக்குது” என்று கேட்டார். குழந்தைக்கு மஞ்சள்காமாலை, விளக்கில் வைத்திருக்கிறோம் என்று நர்சு அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு இருந்த எரிச்சலில், “என்னய ஏன் கேக்குறீங்க? ஒங்க பூச்செடியப் பாக்குற மாதிரி அதையும் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொங்கல் கழித்துத்தான் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தோம். அந்த வருடம் தைப்பேரியின் கடைசிப் பறிப்பைத் தம்பி கொடுத்துவிட்டிருந்தான். குழந்தை இருந்த இருப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் தின்ன வேண்டியது எட்டாம் நாள் பையைத் திறந்தால் கூழாகக் கிடந்தது. ஒன்றே ஒன்று உருப்படி, அதை மகளுக்குக் கொடுத்தேன். சரி போகட்டும், நம்மிடம்தான் செடி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்தியம், மருந்து, பிள்ளைக்குக் குளியல் என்று தோட்டத்துப் பக்கமே நான் போகவில்லை. மாசி பிறந்ததும் இவர் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“நீ சொன்னது சரிதான். ஒன் செடி தூங்கித்தான் எந்திரிச்சிருக்கு. அம்புட்டுத் தளிரு!”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செடி பிழைத்தது ஒரு பக்கம், இந்த மனுஷன் வாயால் நீ சொன்னது சரி என்று கேட்டது ஒரு பக்கம். மாசி நடுவில் தம்பி போன் செய்தான். “அக்கா, நாளைக்கு மெசினு வருது. மரத்துல இன்னும் குச்சி இருக்கு. நாலு வெட்டி ஈரச் சாக்குல சுத்தி வைக்கவா?” என்றான். “எதுக்குடா? நம்ம செடிதான் தழைச்சிருச்சே. ஒங்க மச்சான் கை சும்மாவா?” என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை. மறுநாள் மரம் போயிற்று.

பங்குனியில் போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குப் புதர் மாதிரி தழைத்திருந்தது. தூரில் எரு வைத்து மண் அணைத்திருந்தார். இலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பொறுங்கள், நாலைந்து வருடத்தில் மலையிலிருந்து பழம் வரும், தின்றுவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரே பீற்றல்.

ஆனி மாதம், மலையில் மழை பிடித்ததும், செடியைக் கொண்டுபோகத் தம்பி வந்தான். வேலி போட்டாயிற்றாம், குழியும் எடுத்தாயிற்றாம். மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். தம்பி செடியைப் பார்த்ததும் நின்றான். ஒரு இலையைக் கிள்ளி ஓரத்தை விரலால் நெருடினான். கிளையைப் பிடித்துத் திருப்பினான். முள் இருந்தது. பிறகு உட்கார்ந்து, அணைத்த மண்ணைக் கையால் தள்ளினான்.

“அக்கா, ஒட்டக் காணோமே.”

“நல்லாப் பாருடா.”

“என்னத்தப் பாக்க? எல அரம் மாதிரி இருக்கு. முள்ளு இருக்கு. இது அடியில இருந்த நாட்டுப் பேரி. நம்மது இல்லக்கா.”

இவர் அப்போதும் பெருமையாகத்தான் முன்னே வந்தார். “அந்த முண்டா? பிளாஸ்டிக் சுத்துன முண்டு ஒண்ணு இருந்துச்சே, அதச் சொல்றியா மாப்ள? அதுக்கு மேல எல்லாம் வெறுங்குச்சி. அதுக்குக் கீழயே கவாத்து பண்ணி விட்டேன். அதான் இப்படி வெடிச்சுக் கெளம்பிருக்கு.”

மார்கழியில் மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மொட்டையாக வெட்டி, எரு வைத்து மண் அணைப்பார்கள். வெட்ட வெட்டத்தான் மல்லிகை பூக்கும். முழங்கால் உயரத்தில் ஒட்டு, அதற்குச் சற்றுக் கீழே ஒரு முழம். பூச்செடியைப் பார்க்கிற மாதிரி பாருங்கள் என்று நான் சொன்னேன். அவர் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். அறிவு இருக்கிறதா, கண் இருக்கிறதா, செடியைப் பற்றி எனக்குச் சொல்லாதே என்று எத்தனை தரம் என் வாயை அடைத்தீர்கள் என்று என்னென்னமோ கேட்டேன். தம்பி என்னை இழுத்துப் பிடித்து, “விடுக்கா, மச்சானுக்குத் தெரியாதுல்ல” என்றான். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. நாட்டுப் பேரி நல்ல திடமாக இருக்கிறது, இன்னொரு ஒட்டைத் தாங்கும் என்று தம்பி மெல்லச் சொன்னான். ஒட்டுப் போடக் குச்சிக்கு எங்கே போவது? விதை போட்டால் அது வராது, வேறு ஏதோ ஒன்றாகத்தான் வரும்.

இவர் மெதுவாக, “வெட்டுன குச்சிய பூக்குச்சியோட சேத்துத்தான் கட்டி வச்சேன். வீட்டுக்குத்தான் கொண்டாந்தேன்” என்றார். அது எங்கேயாவது கிடந்தால் உயிர் இருக்குமோ என்று நினைத்துச் சொன்னார் போல. ஆறு மாதத்துக் குச்சி! தம்பி பாவமாக அவரைப் பார்த்தான். நான் அப்போதுதான் வாயை மூடினேன்.

எங்கள் வீட்டில் மல்லிகையில் வெட்டுகிற பூக்குச்சியை எரிப்பது நான்தான். கொல்லைப்புறத்து அடுப்பில் பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் போட, அந்தத் தை, மாசி முழுவதும் தினமும் ஒரு கட்டுப் பிரித்தேன். மாசி தொடக்கத்தில் ஒருநாள் காலை, அடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. பச்சைப் பிள்ளைக்கு இந்தப் புகை ஆகுமா, விறகோடு குப்பையையும் சேர்த்தா கட்டிக்கொண்டு வருவது என்று இவரைத் திட்டிக்கொண்டே, புகைகிற குச்சியை வெளியே இழுத்தேன். நடுவில் வீங்கின மாதிரி ஒரு முண்டு. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாடா. உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவசரத்தில் நாடாவை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, குச்சியைத் திரும்ப அடுப்புக்குள் தள்ளினேன்.

அன்றைக்கு மலையில் மரம் நின்றுகொண்டுதான் இருந்தது. இன்னும் பத்து நாள் நின்றது.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். தம்பி வெறுங்கையோடு பஸ் ஏறினான். இரண்டு வருடம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு யாராவது பழம் வரவில்லையா என்று கேட்டால், இவர்தான் மல்லிகை என்று நினைத்து வெட்டிவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அவரும், ஆமா, என் தப்புத்தான் என்று தலையைக் குனிந்துகொள்கிறார். அடுப்பைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.